நூறு ரூபாய் எங்கே போச்சு? – எம்விசி பற்றி ஒரு பேச்சு

வழக்கம் போல, பேசினதை கொஞ்சம் சுத்தம் பண்ணி இங்கே எழுத்தாகப் போட்டிருக்கேன். ஹெட்போனை வீட்டில் மறந்துட்டு மெட்ரோவில் நிற்கிறவங்களுக்காக.

இன்னைக்கு எம்விசி. மாடல், வியூ, கன்ட்ரோலர். பெயரைக் கேட்டதுமே பாதி பேர் அடுத்த எபிசோடுக்குத் தாவிடுவீங்கன்னு தெரியும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாரான எல்லாருக்கும் இதுக்கு ஒரு பதில் மனப்பாடம்: "மாடல் என்றால் டேட்டா, வியூ என்றால் ஸ்க்ரீன், கன்ட்ரோலர் என்றால் ரெண்டுக்கும் நடுவில் இருப்பது." நானும் இதைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் தலையாட்டினார், வேலை கிடைச்சது. அந்தப் பதிலை நான் புரிஞ்சுக்காமலே ஒப்பிச்சேன்னு தெரிய ஒன்றரை வருஷம் ஆச்சு. தெரிய வைச்சது ஒரு நூறு ரூபாய்.

2021. நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு சீட்டு நிறுவனம் கிளையன்ட். பதிவு பண்ணி நடத்துகிற, முறையான ஏலச் சீட்டு. ஏலச் சீட்டு எப்படி நடக்கும்னு வீட்டில் அம்மாவையோ அத்தையையோ கேட்டால் என்னை விடத் தெளிவாகச் சொல்வாங்க. இருந்தாலும் இந்தக் கதைக்குக் கணக்கு முக்கியம், அதனால ஒரு தடவை ஓட்டிடறேன்.

20 பேர், 20 மாதம், ஆளுக்கு மாதம் 5,000. மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. மாதா மாதம் ஏலம். பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் தள்ளி எடுப்பார். ஒருத்தர் 22,000 தள்ளி எடுத்தார்னு வைச்சுக்கோங்க. அவர் கைக்கு 78,000 வரும். அந்த 22,000-ல் நிறுவனத்தின் கமிஷன் 5%, அதாவது 5,000 போகும். மீதி 17,000-ஐ 20 பேருக்கும் பிரிச்சால் ஆளுக்கு 850. அதனால அந்த மாதம் யாரும் 5,000 கட்ட வேண்டாம், 4,150 கட்டினால் போதும்.

இவ்வளவுதான் பிசினஸ் லாஜிக். ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிடலாம். ஆனால் எங்கள் சிஸ்டத்தில் இந்தக் கணக்கு எத்தனை இடத்தில் இருந்தது தெரியுமா? நாலு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிகிற ஸ்க்ரீன் ஒரு தடவை கணக்கு போடும். ரசீது பிரிண்ட் பண்ணும் கோடு தனியாக ஒரு தடவை போடும். உறுப்பினர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற கோடு இன்னொரு தடவை. வீடு வீடாகப் போய் வசூல் பண்ணுகிற ஏஜென்ட் கையில் இருக்கிற போன் ஆப் நாலாவது தடவை. யாரும் கெட்ட எண்ணத்தில் பண்ணலை. ஒவ்வொரு வசதியும் ஒவ்வொரு வருஷம் வந்தது, எழுதினவங்க அவங்க அவங்களுக்குத் தேவையான எண்ணை அங்கேயே கணக்கு போட்டுக்கிட்டாங்க. அஞ்சு வரி தானே.

2019-ல் சீட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதுவரை கமிஷன் அதிகபட்சம் 5%. திருத்தத்துக்குப் பிறகு 7% வரை போகலாம். எங்கள் கிளையன்ட் கொஞ்ச நாள் யோசிச்சுட்டு, இனிமேல் தொடங்குகிற குரூப்புகளுக்கு 7% என்று முடிவு பண்ணினாங்க. ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற குரூப்புகளுக்கு 5% தான், ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாச்சு. அந்த வேலை எனக்கு வந்தது.

அதே 22,000 தள்ளுக்கு இப்போ கணக்கு: கமிஷன் 7,000, மீதி 15,000, ஆளுக்கு 750. கட்ட வேண்டியது 4,250. நூறு ரூபாய் வித்தியாசம்.

நான் என்ன பண்ணினேன்? கோடு முழுக்க "கமிஷன்" என்று தேடினேன். சர்வரில் மூணு இடம் கிடைச்சது. மூணிலும் "குரூப் இந்தத் தேதிக்குப் பிறகு தொடங்கியிருந்தால் 7, இல்லாவிட்டால் 5" என்று ஒரு இஃப் போட்டேன். போன் ஆப்பிலும் தேடினேன். "கமிஷன்" இல்லை. 5% என்று தேடினேன், இல்லை. 0.05, அதுவும் இல்லை. சரி, ஆப் தொகையை சர்வரிலிருந்து வாங்கிக்குது போல என்று நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு பழைய குரூப்பை எடுத்து ஆப்பில் பார்த்தேன், தொகை சரியாக வந்தது. முடிஞ்சதுன்னு டிக்கெட்டை மூடிட்டேன்.

அந்த ஆப்பில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? தள்ளுத் தொகையிலிருந்து ஒரு மாதத் தவணையைக் கழி, மீதியை ஆட்கள் எண்ணிக்கையால் வகு. அவ்வளவுதான். 20 பேர் குரூப்பில் ஒரு லட்சத்துக்கு 5% என்பது 5,000. ஒரு தவணையும் 5,000. ரெண்டும் ஒண்ணு. அந்த நிறுவனத்தில் எல்லா குரூப்பும் 20 பேர்தான். எழுதினவர் ஊரில் சீட்டு பார்த்து வளர்ந்தவராக இருக்கணும். "ஒரு தவணை நடத்துறவருக்கு" என்பது பல இடத்தில் வழக்கமான பேச்சு. அவருடைய கோடில் கமிஷன் என்ற சொல்லே இல்லை, ஆனால் கமிஷன் இருந்தது. நான் வருவதற்கு முன்னாடியே அவர் வேறு வேலைக்குப் போயிட்டார்.

புது குரூப்பின் முதல் ஏலம் நடந்தது. அந்த 20 பேரில் ஆறு பேர் ஆபீஸ் கவுன்ட்டரில் வந்து கட்டுகிறவங்க. மீதி 14 பேர் ஒரு ஏஜென்ட்டின் லைனில் வர்றவங்க. அம்பது வயசுக்கு மேல், ரொம்ப வருஷமாக அதே லைனில் வசூல் பண்ணுகிறவர். போன் 4,150 காட்டியது, அவரும் 4,150 வாங்கினார், "செலுத்தியாச்சு" பொத்தானை அமுக்கினார்.

இங்கேதான் ரெண்டாவது தப்பு. அந்தப் பொத்தான் சர்வருக்குத் தொகையை அனுப்பவே இல்லை. உறுப்பினர் எண்ணையும் குரூப் எண்ணையும் மட்டும் அனுப்பும். சர்வர் தன் கணக்குப்படி 4,250 வரவு என்று எழுதிக்கும். உறுப்பினருக்கு "4,250 பெறப்பட்டது, நன்றி" என்று எஸ்எம்எஸ் போகும். கட்டினதை விட நூறு ரூபாய் அதிகம் கட்டினதாக மெசேஜ் வந்தால் யார் போன் பண்ணி புகார் சொல்வாங்க? ஒருத்தரும் சொல்லலை.

சாயங்காலம் ஆபீஸில் பணத்தை எண்ணினால் 1,400 ரூபாய் குறையுது. கவுன்ட்டரில் கட்டின ஆறு பேர் கணக்கு சரி. இவர் லைன் மட்டும் ஆளுக்கு நூறு நூறாக இடிக்குது. கம்ப்யூட்டர் 4,250 வாங்கினதாகச் சொல்லுது, உறுப்பினருக்குப் போன எஸ்எம்எஸ்ஸும் அதையே சொல்லுது. அவரை உட்கார வைச்சுக் கேட்டிருக்காங்க. வசூல் குறைஞ்சால் ஏஜென்ட் பொறுப்பு என்பது அங்கே விதி. அன்னைக்கு ராத்திரியே தன் கையிலிருந்து 1,400 கட்டிட்டுப் போயிருக்கார்.

மறுநாள் காலையில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோட திரும்ப வந்தார். போன் ஆப் வந்து நாலு வருஷம் ஆனபிறகும் அவர் தனியாக நோட்டில் எழுதுகிற பழக்கத்தை விடலை. 14 பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே 4,150. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மேனேஜர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு லட்சத்தில் 2% என்றால் 2,000. அதை 20-ஆல் வகுத்தால் நூறு. அந்த நூறு என்னுடையது.

சரி, இதுக்கும் எம்விசிக்கும் என்ன சம்பந்தம்?

முதல்ல இது எங்கேயிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம், ஏன்னா நாம நினைக்கிற இடத்திலிருந்து வரலை. வெப் உலகத்தில் பிறந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வெப் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னாடி, கப்பல் கட்டுகிற பின்னணியிலிருந்து வந்த ஒருத்தர் யோசிச்சது இது. ட்ரிக்வே ரீன்ஸ்கௌ, நார்வேக்காரர், 2024-ல் காலமானார். கப்பல் வடிவமைப்புக்கான ஆட்டோகான் என்ற மென்பொருளை உருவாக்கியவர். அது 1963-லேயே பயன்பாட்டுக்கு வந்தது. 1978-ல் ஒரு வருஷம் விருந்தினர் ஆராய்ச்சியாளராக கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். ஸ்மால்டாக் மொழி உருவாகிக்கிட்டிருந்த இடம்.

ஒரு கப்பல் கட்டும் தளத்தை நினைச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான வேலைகள், ஒண்ணு முடிஞ்சால்தான் இன்னொண்ணு. ஒருத்தருக்கு அதைக் காலண்டராகப் பார்க்கணும், இன்னொருத்தருக்கு எந்தப் பட்டறையில் எத்தனை ஆள் வேணும்னு பார்க்கணும், இன்னொருத்தருக்கு எது எதைத் தடுக்குதுன்னு பார்க்கணும். திட்டம் ஒண்ணுதான், பார்க்கிற கண்கள் பல. ஒருத்தர் ஒரு வேலையை ரெண்டு நாள் தள்ளி வைச்சால் எல்லார் படமும் சேர்ந்து மாறணும். இதுக்காக அவர் 1979 மே 12 தேதியிட்டு ஒரு குறிப்பு எழுதினார். அதில் பெயர் வேற: திங், மாடல், வியூ, எடிட்டர். அடேல் கோல்ட்பர்க் உட்பட அங்கே இருந்தவங்களோட பேசிப் பேசி, அதே வருஷம் டிசம்பர் 10 தேதியிட்ட குறிப்பில் மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று ஆச்சு.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிச்ச ஒண்ணு: பயன்படுத்துகிறவர் மனசில் ஒரு மாதிரி இருக்கு, கம்ப்யூட்டருக்குள் ஒரு மாதிரி இருக்கு, ரெண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் நோக்கம். சீட்டு நிறுவனத்தில் எல்லார் மனசிலும் "சீட்டு" என்று ஒரு பொருள் தெளிவாக இருந்தது. அதுக்கு ஆட்கள் உண்டு, தவணை உண்டு, கமிஷன் உண்டு, ஏலம் நடக்கும். எங்கள் கோடில் சீட்டு என்று ஒண்ணு இல்லவே இல்லை. டேட்டாபேஸில் சீட்டு பெயரில் ஒரு டேபிள் இருந்தது, நாலு இடத்தில் நாலு கணக்கு இருந்தது. சீட்டு இல்லை.

கோடைப் படிச்சுக் காட்டினால் போட்காஸ்டில் எல்லாரும் தூங்கிடுவீங்க, அதனால வாயால சொல்றேன். சீட்டு என்று ஒரு கிளாஸ். உள்ளே உறுப்பினர்கள், மொத்தத் தொகை, கமிஷன் சதவீதம், இதுவரை நடந்த ஏலங்கள். அதுகிட்ட நீங்க கேட்கக்கூடியது: இந்த ஏலத்தை ஏத்துக்கோ, இந்த மாதம் டிவிடெண்ட் எவ்வளவு, இந்த உறுப்பினர் கட்ட வேண்டியது எவ்வளவு. ஸ்க்ரீன் இருக்கா, எஸ்எம்எஸ் இருக்கா என்பது அதுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இதுதான் மாடல்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிக்கணும். இந்தக் கதையைச் சொன்னதும் பல பேர் சொல்கிற முதல் தீர்வு, "அந்த 5-ஐ ஒரு கான்ஸ்டன்ட் ஃபைலில் வைச்சிருந்தால் ஒரு இடத்தில் மாத்தினால் போதுமே, ப்ரோ." நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன். அப்படி இருந்து, நான் அதை 7 ஆக்கியிருந்தால், ஓடிக்கிட்டிருந்த பழைய குரூப் அத்தனைக்கும் அன்னைக்கே தொகை மாறியிருக்கும். 14 பேர் பிரச்சனை நூற்றுக்கணக்கான பேர் பிரச்சனை ஆகியிருக்கும். கமிஷன் என்பது நிறுவனத்துக்கு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு சீட்டுக்கும் அதன் ஒப்பந்தத்தில் எழுதினது ஒண்ணு. அதனால அந்த எண் அந்தச் சீட்டு ஆப்ஜெக்ட்டுக்குள்ளேதான் இருக்கணும். காலேஜில் என்கேப்சுலேஷன்னா "டேட்டாவையும் மெத்தடையும் ஒண்ணாகக் கட்டுவது" என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அதுக்கு அர்த்தம் எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அடுத்து வியூ. வியூ என்றால் ஸ்க்ரீன் என்றுதான் நினைச்சிருந்தேன். ரசீதும் வியூதான். எஸ்எம்எஸ்ஸும் வியூதான். ஏஜென்ட் போனும் வியூதான். மாடலில் இருக்கிறதை ஒருத்தர் கண்ணுக்குக் காட்டுகிற எதுவும் வியூ. வியூவுக்குள் வகுத்தல் குறி இருந்தால் எனக்கு இப்போ சந்தேகம் வந்துடும். காற்புள்ளி எங்கே போடணும், ரூபாய்க் குறி முன்னாலா பின்னாலா, தமிழிலா ஆங்கிலத்திலா, இந்த அளவு யோசனை வியூவுக்குப் போதும்.

ஸ்மால்டாக்-80-ல் இதுக்கு ஒரு அழகான ஏற்பாடு வைச்சிருந்தாங்க. மாடல் மாறினதும் "நான் மாறிட்டேன்" என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். யார் கேட்கிறாங்கன்னு அதுக்குக் கவலை இல்லை. தன்னைச் சார்ந்தவங்கன்னு பதிவு பண்ணிக்கிட்ட வியூக்கள் அதைக் கேட்டு, மாடல்கிட்ட திரும்ப விசாரிச்சு, தன்னைப் புதுப்பிச்சுக்கும். பிறகு 1994-ல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தில், நாலு பேர் எழுதினதால் கேங் ஆஃப் ஃபோர் என்கிறோமே, அதில் இதையே அப்சர்வர் என்று தனிப் பேட்டர்னாகப் பிரிச்சு எழுதினாங்க. அந்தப் புத்தகத்தின் 23 பேட்டர்ன் பட்டியலில் எம்விசி கிடையாது, தெரியுமா? முன்னுரைப் பகுதியிலேயே அதை எடுத்துக்கிட்டு, அப்சர்வர், காம்போசிட், ஸ்ட்ராட்டஜி என்று பல பேட்டர்ன்கள் சேர்ந்தது என்று பிரிச்சுக் காட்டுவாங்க. இன்டர்வியூவில் யாராவது "23-ல் எம்விசி எத்தனையாவது?" என்று கேட்டால் சிரிச்சுக்கோங்க.

கன்ட்ரோலர்தான் எல்லாரையும் குழப்புவது. ஸ்மால்டாக்கில் அது மவுஸையும் கீபோர்டையும் கவனிக்கிற ஆள். ஒவ்வொரு வியூவுக்கும் ஜோடியாக ஒரு கன்ட்ரோலர். வெப்புக்கு வந்தபோது அர்த்தம் நகர்ந்துடுச்சு. 2000 வாக்கில் ஜாவாவில் ஸ்ட்ரட்ஸ், 2004-ல் ரூபி ஆன் ரெயில்ஸ். பிரவுசரிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட் வரும், கன்ட்ரோலர் வாங்கிக்கும், மாடலிடம் வேலை சொல்லும், ஒரு வியூவைத் தேர்ந்தெடுத்துப் பதிலை அனுப்பும். கதை முடிஞ்சது. மாடல் குரல் கொடுத்து வியூ கேட்கிற ஏற்பாடு அங்கே இல்லை, பதில் போனதுமே கனெக்‌ஷன் முடிஞ்சுடுமே. ஜாங்கோ ஆட்கள் இன்னும் ஒரு படி மேல் போய், மத்தவங்க கன்ட்ரோலர் என்பதை வியூ என்றும், வியூ என்பதை டெம்ப்ளேட் என்றும் வைச்சாங்க. ஐஓஎஸ் பக்கம் போனால் வியூ கன்ட்ரோலர் என்று ரெண்டும் ஒட்டிப் பிறந்தது. அதில் எல்லாத்தையும் கொட்டி ரெண்டாயிரம் வரி ஆனதும் "மாசிவ் வியூ கன்ட்ரோலர்" என்று அவங்களே கிண்டல் பண்ணிக்கிட்டாங்க. அதனால ரெண்டு பேர் எம்விசி பற்றிச் சண்டை போட்டால் முதல்ல எந்த எம்விசின்னு கேளுங்க. பாதி சண்டை அங்கேயே முடிஞ்சுடும்.

எங்கள் "செலுத்தியாச்சு" பொத்தானுக்கு வர்றேன். கன்ட்ரோலரின் வேலை, மனுஷன் செய்ததை அப்படியே மாடலுக்குக் கொண்டு சேர்ப்பது. அந்த ஏஜென்ட் செய்தது 4,150 ரூபாயைக் கையில் வாங்கினது. எங்கள் கன்ட்ரோலர் மாடலிடம் சொன்னது, "இவர் கட்ட வேண்டியதைக் கட்டிட்டார்." ரெண்டும் வேற வேற வாக்கியம். இப்போ ஏஜென்ட் வாங்கின தொகையை அவரே டைப் பண்ணணும். அந்த எண் மாடலுக்குப் போகும், பாக்கி இருந்தால் மாடல் சொல்லும். ஒரு தட்டு அதிகம்னு அங்கே முணுமுணுப்பு வந்தது. நான் விட்டுக்கொடுக்கலை.

திருத்தும்போது ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. சர்வர் பிஎச்பி, போன் ஆப் ஜாவா. ஒரே கிளாஸை ரெண்டிலும் ஓட்ட முடியாது. சர்வரைக் கேட்டுக்கலாம் என்றால், அந்த லைனில் சில தெருக்களில் சிக்னலே கிடையாது. அதுக்காகத்தான் அந்தப் பழைய ஆள் போனிலேயே கணக்கு போட்டிருந்தார். அவரைத் திட்டிக்கிட்டிருந்த எனக்கு இது தெரிஞ்சதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கடைசியில், ஏஜென்ட் காலையில் ஆபீஸில் போனை சிங்க் பண்ணும்போதே ஒவ்வொரு உறுப்பினருக்கும் கட்ட வேண்டிய தொகை கணக்கு போட்ட நிலையில் இறங்கிடும்படி மாத்தினோம். போன் இனிமே கணக்கு போடாது, விடையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகும். எந்தத் தேதியில் இறங்கின விடை என்பதும் மேலே தெரியும்.

இதையெல்லாம் கேட்டுட்டு இன்னைக்கே எல்லாத்திலும் மூணு ஃபோல்டர் போட்டுடாதீங்க. மாடல்ஸ், வியூஸ், கன்ட்ரோலர்ஸ் என்று ஃபோல்டர் எங்கள் ப்ராஜெக்ட்டிலும் இருந்தது. அதுதான் வேடிக்கை. மாடல்ஸ் ஃபோல்டரில் இருந்த கிளாஸ்களில் கெட்டர், செட்டர் தவிர ஒண்ணும் கிடையாது. மார்ட்டின் ஃபவுலர் 2003-லேயே இதுக்கு ரத்தசோகை பிடிச்ச மாடல் என்று பெயர் வைச்சுட்டார். கணக்கு முழுக்க கன்ட்ரோலரிலும் டெம்ப்ளேட்டிலும் கிடந்தது. நான் இப்போ புது ப்ராஜெக்ட்டுக்குப் போனால் ஒண்ணு பண்ணிப் பார்ப்பேன்: ஸ்க்ரீன் எதையும் தொடாமல், வெறும் டெஸ்ட் கோடிலிருந்து ஒரு ஏலத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை நடத்த முடியுதான்னு. முடிஞ்சால் அங்கே மாடல் இருக்கு. பிரவுசரைத் திறந்தால்தான் தொகை தெரியும் என்றால் ஃபோல்டர் பெயர் என்னவாக இருந்தாலும் மாடல் இல்லை. நூறு வரி ஸ்க்ரிப்ட் எழுதுறீங்களா? இது எதுவும் வேண்டாம், எழுதி ஓட்டிட்டு வீட்டுக்குப் போங்க.

அந்த 1,400-ஐ நிறுவனம் அவருக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. 14 வீட்டிலும் அடுத்த மாதம் நூறு ரூபாய் சேர்த்துக் கேட்க வேண்டிய வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. சில வீட்டில் எஸ்எம்எஸ்ஸைக் காட்டி, "போன மாசமே கட்டிட்டோமே" என்று வாக்குவாதமாம்.

புது ஆப்பைப் போட்டுக் கொடுக்க நான் நேரில் போனபோது அவரைப் பார்த்தேன். என்னால்தான் சார் நடந்தது, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவர் அதுக்குப் பதில் சொல்லலை. போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இப்ப இதுல வர்றதும் ஆபீஸ்ல வர்றதும் ஒரே நம்பர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். சரின்னு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து அன்னைக்குத் தேதியை எழுத ஆரம்பிச்சார்.

அடுத்த எபிசோடில், டேட்டாபேஸில் ரூபாயை ஃப்ளோட்டாக சேமிச்சால் என்ன ஆகும்னு பேசலாம். அதுக்கும் என்கிட்ட ஒரு கதை இருக்கு. பார்க்கலாம் மக்களே.